முதல் முகவரி

லக்ஷ்மிநரசிம்மன் தன்னை அடியோடு மறந்திருந்தால், மைத்ரேயி அவரை ஒருவேளை விட்டுவைத்திருப்பாள். அவர் மறக்கவில்லை. சித்தூர் அலுவலகத்தில் சர்வர் அறையின் வாசலில் அவளைக் கண்டதும் முகம் மலர்ந்து, பக்கத்தில் நின்ற சபீனாவிடம், “இவ யார் தெரியுமோ? நம்ம மைத்ரேயி. நான் கைபிடிச்சு வேலை கத்துக்கொடுத்த பொண்ணு. இப்போ பெரிய கம்பெனி எக்ஸ்பர்ட்டா நம்மகிட்டயே வந்து நிக்கறா பார்” என்றார். சபீனா அந்த அலுவலகத்தின் கணினிப் பொறுப்பில் இருப்பவள். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. அவள் மரியாதையோடு, “வாங்க அக்கா” என்றாள்.

“நன்றி சார்” என்றாள் மைத்ரேயி. அந்தச் சொல்லைச் சொல்வதற்கு அவள் ரேணிகுண்டாவிலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பழகிக்கொண்டு வந்திருந்தாள்.

மூன்றாண்டுகளுக்கு முன்னால், திருப்பதியில் கோவர்த்தனனுடைய கல்யாண மண்டபங்களுக்கு முன்பதிவு மென்பொருள் எழுதியவர்களுள் அவளும் ஒருத்தி. லக்ஷ்மிநரசிம்மன் அப்போதும் தலைமை. பழைய பதிவுகளை நீக்குகிறேன் என்று உட்கார்ந்தவர், இயந்திரம் மாறி, வரவிருந்த தை மாதத்து முகூர்த்தங்கள் அத்தனையையும் நீக்கிவிட்டார். மறுநாள் கூட்டத்தில் எழுந்து நின்று, தழுதழுத்த குரலில், “மைத்ரேயி தெரியாம பண்ணிட்டா. சின்னவ. என் முகத்துக்காக இந்த ஒரு தடவை மன்னிச்சுடுங்கோ” என்று முதலாளியிடம் கைகூப்பினார். தாம் செய்த பிழைக்கு அவள் பெயரில் மன்னிப்புக் கேட்டவரை, கீழே இருப்பவர்களைக் காப்பாற்றும் பெருந்தன்மையாளர் என்று கோவர்த்தனன் எண்ணினார். “நான் செய்யலை” என்று மைத்ரேயி சொல்லத்தான் சொன்னாள். ஆனால் மன்னிக்கப்பட்டவள் மறுத்துப் பேசினால் அது நன்றிகெட்டத்தனமாகவே காதில் விழும். அந்த வாரமே அவளை அனுப்பிவிட்டார்கள். செய்தி அவளுக்கு முன்னால் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ஓராண்டுக்கு மேல் அவளை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை.

பிறகு சென்னை நிறுவனம் ஒன்று அவளைச் சேர்த்துக்கொண்டது. சித்தூர்–திருப்பதி மண்டபங்களை ஒன்றாக இணைக்கும் வேலை அந்த நிறுவனத்துக்கு வந்தபோது, வேறு யாரும் கேட்பதற்கு முன்பாக அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். சென்னை நிறுவனம் அனுப்பிய ஆள் என்பதால் கோவர்த்தனனும் மறுக்கவில்லை. திட்டம் எதுவும் அவளிடம் இல்லை. தொழில் தெரியாத ஒருவரின் அருகில் பொறுமையாக நின்றுகொண்டிருந்தால் போதும், மற்றதை அவரே செய்வார் என்ற நம்பிக்கை மட்டும் இருந்தது.

அந்த இணைப்பு ஒரு கல்யாணத்தால் வந்தது. திருப்பதி கோவர்த்தனனுடைய மகன், சித்தூர் ஏழுமலையுடைய மகளை மணந்துகொண்டான். சம்பந்திகள் இருவரும் தங்கள் மண்டபங்களைச் சேர்த்து ஒரே தொழிலாக ஆக்கினார்கள். தொழிலைச் சேர்ப்பது எளிதாக முடிந்தது. பெயரைச் சேர்ப்பதுதான் இழுபறியாயிற்று. கடைசியில் திருப்பதியில் தொங்கிய பலகையில் ‘கோவர்த்தனன் – ஏழுமலை’ என்றும், சித்தூர்ப் பலகையில் ‘ஏழுமலை – கோவர்த்தனன்’ என்றும் எழுதி இருவர் மனத்தையும் குளிரவைத்தார்கள். அந்த யோசனை லக்ஷ்மிநரசிம்மனுடையது. கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்தவர்; யாருக்கு முன்னால் யாரை நிறுத்தினால் யார் முகம் சுருங்கும் என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். அவருக்கு உண்மையாகவே தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

வேலை இதுதான். திருப்பதியில் மூன்று சர்வர்கள், சித்தூரில் இரண்டு. ஐந்தும் ஒரே கூட்டமாக இயங்க வேண்டும். எந்த ஊரில் எந்தக் கவுண்டரில் மண்டபம் பதிவானாலும், அந்த நாள் அந்தக் கணமே மற்றெல்லா இடத்திலும் நிரம்பிவிட வேண்டும். ஒரே கட்டடத்தில் இருக்கும் சர்வர்கள் ஒன்றையொன்று கண்டுகொள்வதற்கு எவருடைய உதவியும் வேண்டாம். ‘யார் யார் இருக்கிறீர்கள்?’ என்று ஒன்று பொதுவாகக் கூப்பிடும். மற்றவை குரல் கொடுக்கும். ஆனால் சித்தூரும் திருப்பதியும் தனித்தனி சப்நெட்டுகள், அதாவது ரவுட்டரால் பிரிக்கப்பட்ட இரண்டு தெருக்கள். ஒரு தெருவில் கூப்பிட்ட குரலை ரவுட்டர் அடுத்த தெருவுக்குக் கொண்டுபோகாது. அதனால் யார் யாரைத் தேடிப் போக வேண்டும் என்ற முகவரி வரிசையை ஒவ்வொரு சர்வரிலும் கையால் எழுதி வைக்க வேண்டும்.

அந்த வரிசையில் முதல் முகவரிக்கு ஒரு தனி உரிமை உண்டு. ஒரு சர்வர் எழுந்திருக்கும்போது மற்றவற்றைத் தேடும். எவரும் பதில் சொல்லாவிட்டால் பதில் வரும்வரை காத்திருக்கும். முதலாவதாக எழுதப்பட்டது மட்டும் காத்திருக்காது. பதில் இல்லையென்றால், தானே புதிய கூட்டத்தைத் தொடங்கிவிடும். ஆகவே ஐந்து சர்வரிலும் ஒரே வரிசை இருக்க வேண்டும். முதல் இடம் ஒன்றுக்குத்தான். இதைக் கையேடு முதல் பக்கத்திலேயே சொல்லுகிறது. லக்ஷ்மிநரசிம்மன் கையேடு படிப்பவரல்லர்.

திருப்பதியிலுள்ள மூன்றையும் சபீனா முந்தின நாளே போய் முடித்துவிட்டு வந்திருந்தாள். சபீனா விசைப்பலகையின்முன் உட்கார்ந்திருந்தாள். மைத்ரேயி பின்னால் நின்றாள். லக்ஷ்மிநரசிம்மன் சுழல்நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“முதல்ல யாரைப் போட்டிருக்கே?” என்றார்.

“திருப்பதி மெஷின் சார். அங்க போட்டமாதிரியேதான் இங்கயும்” என்றாள் சபீனா.

“ஐயையோ. ஏழுமலை ஐயாவோட ஊர்ல உட்கார்ந்துண்டு திருப்பதியை முதல்ல போடறதாவது. நாளைக்கு அவருக்குத் தெரிஞ்சா நம்ம கதி? இங்கே இருக்கற மெஷின்ல சித்தூர் முதல்ல இருக்கட்டும். அங்கே இருக்கறதுல திருப்பதி முதல்ல இருக்கட்டும்.”

“ரெண்டும் வேற வேறயா இருந்தா ஒண்ணும் ஆவாதா சார்?”

“என்னடி ஆகும்? கல்யாணப் பத்திரிகை பார்த்ததில்லையோ? மாப்பிள்ளையாத்துப் பத்திரிகைல அவா பேர் முன்னாடி. பெண்ணாத்துப் பத்திரிகைல இவா பேர் முன்னாடி. அதனால ரெண்டு கல்யாணமா நடந்துடறது? ஒரே கல்யாணந்தானே.”

தம் உவமையில் அவரே மகிழ்ந்து சிரித்தார். சபீனா சிரிக்கவில்லை. திரும்பி மைத்ரேயியைப் பார்த்தாள். “அக்கா, இது சரியா?”

மைத்ரேயியிடம் அப்போது ஒரு சொல் இருந்தது. அதைச் சொல்ல ஒரு மூச்சுக்கூட முழுதாக வேண்டியதில்லை. சொன்னால் லக்ஷ்மிநரசிம்மன், ‘அப்படியா, பேஷ், மாத்திடு’ என்பார். மாலையில் முதலாளியிடம் தாமே கண்டுபிடித்ததாகச் சொல்வார். அவள் அந்த மனிதருடைய ஆடும் காலைப் பார்த்தாள்.

“சார் சொல்றபடி போடு” என்றாள்.

சபீனா தட்டினாள். சர்வர்கள் எழுந்தன, ஒன்றையொன்று கண்டுகொண்டன, திரையில் ஐந்தும் பச்சையாக நின்றன. அதுவும் மைத்ரேயி எதிர்பார்த்ததே. இரண்டு ஊருக்கும் நடுவில் இணைப்பு இருக்கும்வரை இந்தப் பிழை வெளியே தெரியாது. யார் முதல்வர் என்ற கேள்வி, எவரும் பதில் சொல்லாத நாளில்தான் எழும். லக்ஷ்மிநரசிம்மன் சூடத்தை ஏற்றிக் காட்டி, எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு, இரண்டு சம்பந்திகளுக்கும் தனித்தனியாகத் தொலைபேசியில், “உங்க மெஷின்தான் முதல்” என்று சொன்னார். இரண்டு அழைப்பையும் மைத்ரேயி அருகிலிருந்தே கேட்டாள்.

ஆடி முடியப் போகும் நேரம், புதலப்பட்டுக்கு அருகே சாலை அகலப்படுத்தும் வேலையில் மண்வெட்டும் இயந்திரம் ஒன்று இரண்டு ஊரையும் இணைத்த கேபிளை அறுத்துவிட்டது. ஆவணி முகூர்த்தங்களுக்கு மண்டபம் கேட்டு இரண்டு ஊர்க் கவுண்டரிலும் கூட்டம் நின்ற வேளை. சித்தூரின் இரண்டு சர்வர்களும் திருப்பதியின் மூன்றைக் காணாமல், தாம் சிறுபான்மை என்று கணக்கிட்டு, முறைப்படி தாமாகவே நின்றன. அந்த அளவுக்கு மென்பொருள் யோக்கியமானது. ஏழுமலை கவுண்டரில் மேசையைத் தட்டத் தொடங்கினார். சபீனா லக்ஷ்மிநரசிம்மனை அழைத்தாள். “நின்னா ரீஸ்டார்ட் பண்ணு. இதுக்கெல்லாம் என்னைக் கூப்பிடுவாளா ஒருத்தி?” என்றார் அவர்.

சபீனா மறுபடி இயக்கினாள். ஐந்திலும் ஒரே வரிசை இருந்திருந்தால், சித்தூர் சர்வர்கள் கேபிள் ஒட்டப்படும்வரை கதவைச் சாத்திக்கொண்டு காத்திருக்கும், சில மணி நேரத்துப் பதிவு தடைப்படும், ஏழுமலை திட்டுவார், அவ்வளவே. ஆனால் சித்தூரின் வரிசையில் சித்தூரே முதல். அது கூப்பிட்டது, எவரும் பதில் சொல்லவில்லை, தானே ஒரு கூட்டத்தைத் தொடங்கிற்று. கவுண்டர் திறந்தது. எல்லாரும் நிம்மதியானார்கள். கேபிள் சரியான பின்பும் அந்த இரண்டு கூட்டங்கள் ஒன்றாகவில்லை. தான் மட்டுமே முழுமை என்று நம்பும் ஒன்றுக்கு வேறொன்றைத் தேட வேண்டிய அவசியம் இல்லை.

கண்காணிப்புக் காலம் முடியாததால், சர்வர்களின் நிலை மைத்ரேயியின் கைபேசிக்கு வந்துகொண்டிருந்தது. ரேணிகுண்டாவில் வீட்டு மாடியில் துணி காயப் போடும்போது அதைப் பார்த்தாள். இருக்க வேண்டிய ஐந்து இல்லை. ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு. இரண்டுமே நலம் என்று பச்சை காட்டின. கேபிள் அறுந்த செய்தி காலையிலேயே அவளுக்குத் தெரியும். இப்போது அது ஒட்டப்பட்டதும் தெரியும். இனி ஒவ்வொரு கவுண்டரும் மற்றொன்றை அறியாமல் அதே மண்டபத்தை, அதே நாளை எடுத்துக் கொடுக்கும்.

கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மிச்சத் துணியை உதறிப் போட்டாள். சித்தூரில் அன்று மௌனமாக இருந்ததற்கு, சொல்லும் பொறுப்பு தனக்கு இல்லை என்று ஒரு சமாதானம் வைத்திருந்தாள். அந்தச் சமாதானம் இதற்குப் போதாது என்று அவளுக்கே தெரிந்தது. அதற்காக அவள் கைபேசியை மறுபடி நிமிர்த்தவில்லை.

ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்கு முந்திய நாள் பிற்பகல், சந்திரகிரிச் சாலை மண்டபத்திலிருந்து அழைப்பு வந்தது. மைத்ரேயி போனபோது, வாசல் வளைவில் ஏணி போட்டு இரண்டு பூக்காரர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். இடப்பக்கம் ஒரு மாப்பிள்ளை–பெண் பெயர் செவ்வந்தியில் தொங்கிற்று. வலப்பக்கம் வேறொரு மாப்பிள்ளை–பெண் பெயர் ரோஜாவில் ஏறிக்கொண்டிருந்தது. பூக்காரர்களுக்குள் சண்டை இல்லை. ஆணியைக்கூடக் கடன் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். சண்டை உள்ளே நடந்தது. வரதய்யபாளையத்தார் திருப்பதிக் கவுண்டரில் பதிந்தவர்கள். குப்பம் என்ற ஊரிலிருந்து வந்த குப்பத்தார் சித்தூர்க் கவுண்டரில் பதிந்தவர்கள். இருவர் கையிலும் ரசீது இருந்தது. இருவர் ரசீதும் செல்லும்.

“எங்க சமையக்காரு அடுப்பு மூட்டியாச்சு, இன்னாத்துக்கு இவங்க பாத்திரம் எறக்கிக்கினு இருக்காங்க?” என்று வரதய்யபாளையத்துப் பெரியவர் ஒருவர் கத்தினார்.

“நீங்க அடுப்பு மூட்டினா மண்டபம் உங்களுதாயிடுமா? அப்பிடின்னா டீக்கடைக்காரன்தான் ஊருக்கே ஓனரு” என்றார் குப்பத்து மாமா.

“ரெண்டு பொண்ணையும் ஒரே மணையில உக்கார வெச்சுடுங்க. மேளக்காரனுக்கு ஒரு செலவு மிச்சம்” என்று யாரோ சொல்ல, சிரிக்கக் கூடாத இடத்தில் நான்கு பேர் சிரித்தார்கள்.

மைத்ரேயி அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. லக்ஷ்மிநரசிம்மன் எங்கே என்று தேடினாள். அவர் தூணோரம் நின்று கைபேசியில் யாரிடமோ விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தார். நெற்றித் திருமண் வியர்வையில் கரைந்து மூக்கை எட்டியிருந்தது. அந்த முகத்தைக் கண் நிறையப் பார்த்தாள். அதற்காகவே வந்தாள், அது கிடைத்தது. திரும்பும்போதுதான், வாசலில் நின்ற வேனுக்குள், மருதாணி இட்ட கைகளை எதிலும் படாமல் மடிக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டது. குப்பத்துப் பெண். அவளைக் கடந்து போவதற்கு மைத்ரேயி சாலையின் மறுபுறம் மாற வேண்டியிருந்தது.

முதலில் அடுப்பு மூட்டியவர்கள் வென்றார்கள். குப்பத்தாருக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஷாமியானா போட்டுக் கொடுத்தார் ஏழுமலை. விடியற்காலையில் தூறல் விழுந்தது. தாலி கட்டும்போது பந்தலின் ஒரு மூலையைப் பெண்ணின் மாமன் கழியால் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாராம்.

அதற்கு மறுநாள் திருப்பதியில், பஸ் நிலையத்துக்கு எதிரேயுள்ள மண்டபத்தின் மாடி அறையில் சம்பந்திகள் இருவரும் உட்கார்ந்தார்கள். லக்ஷ்மிநரசிம்மன், சபீனா, மைத்ரேயி மூவரும் எதிரே. கோபம் வந்தால் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பது கோவர்த்தனனின் வழக்கம்.

“எவரு சேசாரு இதி? யாரு பண்ணது இது? அந்தக் குப்பத்து ஆளு என் சட்டையைப் பிடிக்கல, அது ஒண்ணுதான் பாக்கி.”

லக்ஷ்மிநரசிம்மன் எழுந்து நின்றார். எழுந்த விதத்திலேயே மைத்ரேயிக்குத் தெரிந்துவிட்டது.

“லிங்க் அறுந்த அன்னிக்கு ரீஸ்டார்ட் பண்ணினது சபீனா. ஐயா, ரெண்டு ஊர்லயும் முகவரி வரிசை ஒண்ணா இருக்கணும். இது பால பாடம். நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இவ சித்தூர்ல மாத்திப் போட்டிருக்கா.” நேற்று முன்தினம் தூணோரம் கைபேசியில் கற்ற பாடத்தை அவர் பல்லாண்டு அறிந்தவர்போலச் சொன்னார். பிறகு குரலை இறக்கினார். “ஆனா குழந்தை. வேணும்னு பண்ணலை. என்னைத் திட்டுங்கோ, அவளை விட்டுடுங்கோ.”

சபீனாவின் வாய் திறந்தது. “சார், நீங்கதானே...” என்றாள்.

“பாருங்கோ, பயந்துட்டா” என்றார் லக்ஷ்மிநரசிம்மன் கனிவோடு.

கோவர்த்தனன் முகத்தில் அந்தப் பழைய மரியாதை படரத் தொடங்குவதை மைத்ரேயி கண்டாள். அவள் கணக்கில் இது இல்லை. பிழை வெடிக்கும், தலைமையில் இருப்பவர் எரிவார் என்பதே அவள் கணக்கு. கீழே ஒருத்தி இருக்கும்வரை அவர் எரியமாட்டார் என்பதை, அனுபவித்தவளாகிய அவளே மறந்துபோனாள்.

“ஐயா, ஒண்ணு கேக்கலாமா?” என்றாள். ஏழுமலை தலையசைத்தார். “நம்ம சர்வர்ல யாரோடது முதல்ல இருக்கு?”

“என்னுது” என்றார் ஏழுமலை.

“என்னுதும்மா” என்றார் கோவர்த்தனன், அதே மூச்சில்.

சம்பந்திகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணம் நடந்த நாளிலிருந்து இவ்வளவு நேரம் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

“சாமிதான் போன்ல சொன்னாரு” என்றார் ஏழுமலை மெதுவாக, லக்ஷ்மிநரசிம்மனைக் காட்டி.

“எனக்கும் சாமிதான் சொன்னாரு.”

சபீனா இரண்டு ஊரிலும் ஒரே வரிசை போட்டிருக்க வேண்டும் என்று சொன்னவர், இரண்டு ஊரிலும் வேறு வேறு என்று அன்றே அறிந்திருக்கிறார். லக்ஷ்மிநரசிம்மன் ஒரு கணம் தடுமாறினார். ஒரு கணந்தான்.

“சரி, மரியாதைக்காக நான்தான் அப்படிப் போடச் சொன்னேன்னே வெச்சுக்கோங்கோ. உங்க ரெண்டு பேர் கௌரவத்துக்காகத்தானே? இதோ நிக்கறாளே, எக்ஸ்பர்ட். இவளும் அங்கேதான் நின்னுண்டிருந்தா. தப்புன்னா வாய் திறந்திருக்கமாட்டாளா? சபீனா இவளைக் கேட்டா. ‘சார் சொல்றபடி போடு’ன்னா. இவளுக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்? சாஃப்ட்வேர்ல இப்படி ஒரு சூட்சுமம் இருக்குன்னு யாருக்குமே தெரியலை. தெய்வாதீனம்.”

அது நல்ல கேடயம். அதைச் செய்து கொடுத்தவள் தானே என்பதை மைத்ரேயி நிதானமாகப் புரிந்துகொண்டாள். அன்று எச்சரித்திருந்தால், அதை மீறியவர் என்று அவர் இன்று தனியாக நின்றிருப்பார். அவள் மௌனம் அவரைத் தள்ளும் என்று நினைத்தாள். அது அவருக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. ‘எனக்கும் தெரியாது’ என்று சொன்னால் அவள் தப்பிக்கலாம். சபீனாவும் பாதி தப்பிப்பாள். லக்ஷ்மிநரசிம்மன் முழுவதும் தப்பிப்பார்.

“எனக்குத் தெரியும்” என்றாள்.

கோவர்த்தனன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“வரிசை மாறினா என்ன ஆகும்னு அன்னிக்கே தெரியும். கையேட்டுல முதல் பக்கத்துலயே இருக்கு. கேபிள் அறுந்து கூட்டம் ரெண்டா உடைஞ்சது அன்னிக்குச் சாயந்தரமே என் போன்ல தெரிஞ்சது. யாருக்கும் சொல்லலை. இவர் சொல்ற சூட்சுமம் யாருக்கும் தெரியாத விஷயம் இல்ல ஐயா. இந்த வேலை தெரிஞ்ச எல்லாருக்கும் தெரியும். இவருக்குத்தான் தெரியாது. சபீனாவுக்குச் சந்தேகமாவது வந்துது; கேட்டா. இவருக்குச் சந்தேகங்கூட வரலை.”

“தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?” கோவர்த்தனன் தெலுங்கை மறந்திருந்தார்.

“சொல்லியிருந்தா இவர் திருத்தியிருப்பார். நல்லா நடந்திருக்கும். இவருக்குத்தான் நல்ல பேர் வந்திருக்கும்.” அவள் குரல் உயரவில்லை. “மூணு வருஷத்துக்கு முன்னாடி தை மாசத்துப் பதிவை அழிச்சது இவர். என் பேர்ல மன்னிப்புக் கேட்டு நல்லவரானார். இப்போ சபீனா பேர்ல கேக்கறார். அப்போ நான் சொன்னதை நீங்க நம்பலை. இப்போ நம்பறதுக்கு ஒரு காரணம் தரேன். இதைச் சொல்றதால எனக்கு இந்த வேலையும் போகும், இனிமேல் வேற வேலையும் கிடைக்காது. பொய் சொல்றவ இவ்வளவு நஷ்டத்துக்குச் சொல்லமாட்டா.”

லக்ஷ்மிநரசிம்மன், “பார்த்தேளா, என்ன வன்மம், என்ன வன்மம்” என்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொன்னார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. வன்மம் என்பது உண்மைதான். அது பொய்க்குச் சான்றாகாது என்பதை மட்டும் அந்த அறை புரிந்துகொண்டிருந்தது.

ஏழுமலைதான் பேசினார். “உனக்கும் இவருக்கும் ஆயிரம் இருக்கட்டும்மா. அந்தக் குப்பத்துப் பொண்ணு உனக்கு இன்னாம்மா பண்ணுச்சு?”

மைத்ரேயி கையிலிருந்த கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

கோவர்த்தனன், “சாமி, நீங்க சாவியைக் குடுத்துட்டுக் கெளம்புங்க” என்றார். மைத்ரேயியிடம், “உங்க கம்பெனிக்கு நான் போன் பண்றேன். இன்னும் எத்தனை முகூர்த்தம் இப்பிடி ரெட்டையா கெடக்குதோ, அதையெல்லாம் எடுத்துக் குடுத்து, அந்த வரிசையையும் சரியாக்கி சபீனாகிட்ட ஒப்படைச்சுட்டு நீயும் போ” என்றார். ‘நீங்கள்’ ‘நீ’யாகிவிட்டதை அவள் கவனித்தாள். நியாயமான விலைதான்.

மாடிப்படியில் லக்ஷ்மிநரசிம்மன் அவளுக்காக நின்றிருந்தார். சாவி இல்லாத கையை என்ன செய்வது என்று தெரியாமல் அங்கவஸ்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“உனக்கு என்னடி கிடைச்சுது? உன் வேலையும்தானே போச்சு.”

“ஆமா சார்” என்றாள் மைத்ரேயி. “ஆனா இந்தத் தடவை யார் செஞ்சதுன்னு எல்லாருக்கும் தெரியும்.”

அவர் இறங்கிப் போவதைக் கடைசிப் படிவரை நின்று பார்த்தாள். வெயிலில் செருப்பைத் தேடினார். வாட்ச்மேன் எழுந்து நிற்கவில்லை. அது மனத்துக்கு இதமாக இருந்தது; இல்லை என்று அவள் தனக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

சர்வர் அறையில் சபீனா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். இரட்டைப் பதிவுகளை இருவரும் எடுத்து முடித்தார்கள். இன்னும் ஒன்பது குடும்பங்களைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அதன்பின் சித்தூர் சர்வர்களை இங்கிருந்தபடியே நிறுத்தினாள் சபீனா.

“யாரை முதல்ல போடறது?” என்றாள்.

“யாரை வேணும்னாலும் போடு. அஞ்சுலயும் அதே இருக்கணும். அவ்வளவுதான்.”

சபீனா திருப்பதியின் முகவரியை முதலில் வைத்து, ஐந்திலும் அதையே எழுதினாள். ஒவ்வொன்றாக எழுப்பினாள். சித்தூர் சர்வர்கள் காத்திருந்து, திருப்பதியைக் கண்டு, சேர்ந்துகொண்டன. மைத்ரேயி ஏதோ சொல்ல எண்ணி, “அவர் உன்மேல போட்டதை நான்...” என்று தொடங்கினாள்.

“எனக்காகச் சொன்னீங்கன்னு சொல்லாதீங்க அக்கா.”

“இல்ல. உனக்காக இல்ல.”

“தெரியும்” என்றாள் சபீனா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “லிங்க் அறுந்த அன்னிக்குச் சாயந்தரமே உங்களுக்குத் தெரியும்னீங்க. அன்னிலேருந்து தெனம் காலையில நான் வந்து பச்சையா எரியுதான்னு பாத்து, சந்தோஷமா டீ குடிச்சுக்கினு இருந்தேன். குப்பத்துக்காரங்களுக்கு மண்டபம் குடுத்த ரசீதுல என் கையெழுத்து. அவங்க பொண்ணு வீட்டுலேருந்து நேத்து எனக்குத்தான் போன் பண்ணாங்க. ‘ஏம்மா இப்பிடி பண்ண?’ன்னு கேட்டாங்க. திட்டக்கூட இல்ல.”

மைத்ரேயி ஒன்பது பேரின் பட்டியலை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“உங்க லாகினை எடுக்கச் சொல்லிட்டாங்க” என்றாள் சபீனா. “நீங்களும் பாத்துக்கினே இருங்க. அப்புறம் யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது.”

“யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க.”

“சொல்லுவாங்க அக்கா. தேவைப்பட்டா நீங்களே சொல்லுவீங்க.”

மைத்ரேயியின் பெயரைத் தேர்ந்தெடுத்தாள், நீக்கலாமா என்று திரை கேட்டது, சபீனா ஆம் என்றாள். பிறகு தொலைபேசியை எடுத்து, ஒன்பது குடும்பங்களில் முதலாவதற்கு எண்ணை அழுத்தத் தொடங்கினாள். மறுமுனையில் ஒருவர் எடுத்ததும், “வணக்கம் சார், மண்டபத்துலேருந்து பேசறேன். தப்பு எங்களுதுதான், மொதல்ல அதைச் சொல்லிடறேன்” என்றாள். மைத்ரேயி பையை எடுத்துக்கொண்டு, அந்தக் குரல் தன்னைப் போகச் சொல்லும் என்று சற்று நேரம் காத்திருந்தாள். சபீனா அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டிருந்தாள்.